விநியோகச் சங்கிலி இடர் மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு: ஆய்வேட்டுக்கு எதை எடுப்பது?

கேள்வி: வல்லக்கோட்டையான்

அனைவருக்கும் வணக்கம்.

இயந்திரவியலில் பி.இ. முடித்துவிட்டு, ஒரகடத்தில் வாகன பிரேக் பாகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் பர்ச்சேஸ் பிரிவில் பணிபுரிகிறேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் விநியோகச் சங்கிலி மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துள்ளது. நான்கு பருவங்கள், 120 கிரெடிட். கடைசிப் பருவத்தின் 30 கிரெடிட்டும் ஆய்வேட்டுக்கே உரியவை. மூன்றாம் பருவத்தில் இடர் மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுத்து, அதிலேயே ஆய்வேட்டையும் எழுத விரும்புகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு ரப்பர் சீல் தரும் சிறு தொழிற்கூடம் ஒன்றும் அங்கேதான் இயங்குகிறது. சீல் ஒன்றின் விலை சில ரூபாய்தான். வென்டர் பட்டியலை ஆண்டுக் கொள்முதல் தொகையின்படி வரிசைப்படுத்தினால் அந்தப் பெயர் கடைசிப் பக்கத்தில்தான் வரும். ஆனால் அந்தச் சீல் இல்லாமல், பிரேக் பேடைச் சக்கரத் தட்டில் அழுத்தும் பாகமான காலிப்பரின் அசெம்பிளியை முடிக்க முடியாது. அந்த வாரத்தில், இடர்களை மதிப்பெண்ணுடன் பட்டியலிடும் எங்கள் ரிஸ்க் ரெஜிஸ்டரைத் திறந்து பார்த்தேன். அந்த வென்டர், குறைந்த இடரைக் குறிக்கும் பச்சைக் கட்டத்தில் இருந்தார்: நிகழ்வாய்ப்பு 1, பாதிப்பு 2, பெருக்கினால் 2. இந்தப் பெருக்கலுக்கு மேல் இத்துறையில் வேறு ஏதும் இருக்கிறதா என்று அறியும் ஆசைதான் என்னைப் படிக்கத் தூண்டியது.

என் ஐயங்கள் இவை. இப்படிப்புக்குக் கணிதம் எவ்வளவு தேவைப்படும்? செய்திகள், வானிலைத் தரவு, துறைமுகத் தரவு ஆகியவற்றைக் கொண்டு, எந்த வென்டரிடம் எப்போது தடை ஏற்படும் என்பதை மெஷின் லேர்னிங் மூலம் முன்கணிப்பதை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுக்கலாம் என்று எண்ணியுள்ளேன், அது பொருத்தமானதா? படிப்பை முடித்தபின் இதற்கென்று தனியாக வேலை உண்டா, அல்லது மீண்டும் பர்ச்சேஸ் பிரிவில்தான் உட்கார வேண்டியிருக்குமா? இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: நிகழ்தகவு

வணக்கம் நண்பரே. செயல்பாட்டு ஆய்வியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்; என் வழிகாட்டியிடம் முதுநிலை ஆய்வேடு எழுத வருபவர்களில் பெரும்பாலோர் நீங்கள் குறிப்பிட்ட அதே தலைப்பைத்தான் கையில் கொண்டு வருகிறார்கள். அதனால் தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2000ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகெர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில், மின்னலைத் தொடர்ந்து ஏற்பட்ட மின்தடங்கலால் ஓர் உலையில் தீப்பிடித்தது. சுமார் பத்து நிமிடங்களில் தீ அணைந்துவிட்டது. ஆனால் புகையும் கரியும் தண்ணீரும் தூசே புகக்கூடாத அறைகளைக் கெடுத்துவிட்டன. அந்த ஆலையின் சிப்புகளை நம்பியிருந்த பெரிய வாடிக்கையாளர்கள் இருவர்: நோக்கியா, எரிக்சன். ஏறத்தாழ ஒரு வாரத் தாமதம் ஏற்படும் என்ற ஒரே தகவல்தான் இருவருக்கும் முதலில் சென்றது. நோக்கியா அந்தப் பாகத்தைத் தனிக் கண்காணிப்பில் வைத்து, பிலிப்ஸை நாள்தோறும் அழைத்து நிலவரம் கேட்டது. தாமதம் பல வாரங்களுக்கு நீளும் என்பது தெரிந்தவுடன் பிலிப்ஸின் பிற ஆலைகளிலும் வேறு தயாரிப்பாளர்களிடமும் உற்பத்தித் திறனைத் தனக்கென்று ஒதுக்கச் செய்தது. எரிக்சனில் அந்தச் செய்தி மேலிடத்துக்குப் போய்ச் சேரவே நாளாயிற்று. அதற்குள் மாற்று வழிகள் அடைபட்டுவிட்டன. எரிக்சன் இழந்த விற்பனை ஏறத்தாழ 40 கோடி டாலர் என்று கூறப்படுகிறது. மறு ஆண்டே தன் கைப்பேசித் தொழிலை சோனியுடன் இணைத்துக்கொண்டது.

இந்த நிகழ்வில் முன்கணிப்பு எங்கே உதவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மின்னல் எந்த இரவில் எந்த ஆலையைத் தாக்கும் என்பதை எந்த மாதிரியாலும் சொல்ல முடியாது. இரு நிறுவனங்களுக்கும் இருந்த வேறுபாடு, தீப்பிடித்தபின் அவை நடந்துகொண்ட முறையில்தான் இருந்தது. இதில் தரவுச் சிக்கல் ஒன்றும் உண்டு. பெரும் தடைகள் அரிதானவை. ஆயிரம் வாரங்களில் ஒரு வாரம் மட்டும் தடை ஏற்பட்டிருந்தால், 'தடை வராது' என்று எப்போதும் ஒரே விடையைச் சொல்லும் நிரல்கூட 99.9 சதவீதம் சரியாகக் கணித்ததாகக் கணக்கு காட்டும். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

சரி, கணிக்க முடியாததை எப்படி அளப்பது? நீங்கள் தேடும் பாடம் அங்கேதான் இருக்கிறது. எம்.ஐ.டி.யின் டேவிட் சிம்ச்சி-லெவியும் அவருடைய குழுவினரும் ஃபோர்டு நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கி, 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முறை, நிகழ்தகவை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு காலங்களை மட்டும் கேட்கிறது. ஒரு வென்டரின் ஆலை எக்காரணத்தாலேனும் முழுமையாக நின்றுபோனால், அது மீண்டும் இயங்க எவ்வளவு காலம் ஆகும்? இது மீளும் காலம். அந்த ஆலை இல்லாமல் நம் சங்கிலி வாடிக்கையாளருக்கு எத்தனை நாட்கள் தடையின்றிப் பொருள் தர முடியும்? இது தாங்கும் காலம். மீளும் காலம் தாங்கும் காலத்தைவிட நீளமாக இருந்தால் மட்டுமே அங்கே கவலைப்பட வேண்டும். தடைக்குக் காரணம் வெள்ளமா, தீயா, வேலைநிறுத்தமா என்பது இந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

உங்கள் சீலையே எடுத்துக்கொள்வோம். எண்களை உதாரணத்துக்காக மட்டும் எழுதுகிறேன். அந்தத் தொழிற்கூடம் மீள 6 வாரம், உங்களிடம் உள்ள இருப்பு 1 வாரம், மாற்று வென்டர் இல்லை என்றால் இடைவெளி 5 வாரம். அந்த 5 வாரமும் காலிப்பர் விற்பனை நின்றால் இழக்கும் லாபம்தான் அந்த வென்டரின் உண்மையான பாதிப்பு அளவு. இனி, உங்கள் கொள்முதல் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கும் காஸ்டிங் வென்டரைப் பாருங்கள். அவரும் மீள 6 வாரம் ஆகலாம். ஆனால் அதே காஸ்டிங்கை ஏற்கெனவே தந்துகொண்டிருக்கும் இன்னொருவரால் முழு அளவையும் ஈடுகட்ட முடியுமானால், இழப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஃபோர்டில் கண்டதும் இதுவே: பாதிக்கும் மேற்பட்ட வென்டர் ஆலைகள் நின்றாலும் லாபத்தில் இழப்பில்லை, மிகப் பெரிய இழப்பைத் தரக்கூடியவை சிலவே, அவற்றில் பலவும் குறைந்த தொகைக்குக் கொள்முதல் செய்யப்படும் எளிய பாகங்களைத் தருபவை. தொகையின்படி கவனம் செலுத்தும் பர்ச்சேஸ் பிரிவின் கண்ணில் அவை படுவதே இல்லை.

கணிதம் பற்றி. நிகழ்தகவு, நேரியல் திட்டமிடல், சரக்கிருப்புக் கோட்பாடு, சிமுலேஷன் ஆகிய நான்கிலும் அடித்தளம் வேண்டும். மேலே சொன்ன இரு காலங்களையும் பல நூறு ஆலைகளுக்குக் கணக்கிட நேரியல் திட்டமிடலே போதும், பி.இ.யில் படித்ததை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டால் பயமில்லை. இழப்புப் பரவலின் வால்பகுதியை, அதாவது அரிதாக நேரும் மிகப் பெரிய இழப்புகளை, அளக்கும் முறைகளையும், குறிப்பாக ராக்கஃபெல்லரும் உரியாசெவும் 2000இல் உகப்பாக்கத்துக்கு ஏற்ப வடித்துத் தந்த முறையையும், ஒரு பாடமாவது எடுத்துக் கற்பது நல்லது. சராசரி இழப்பைக் குறைக்கும் தீர்வும், மிக மோசமான 5 சதவீத நிலைமைகளில் இழப்பைக் குறைக்கும் தீர்வும் ஒன்றல்ல என்பது எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்.

பிரையன் டாம்லின் 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை முதல் பருவத்திலேயே படித்துவிடுங்கள். அதன் கருவை என் எண்களில் சொல்கிறேன். இரண்டு வென்டர்களும் 95 சதவீதக் காலம் இயங்குகிறார்கள். ஒருவர் 20 நாட்களுக்கு ஒருமுறை 1 நாள் நிற்கிறார். மற்றவர் 20 ஆண்டுகளில் ஒருமுறை 1 ஆண்டு முழுவதும் நிற்கிறார். ரிஸ்க் ரெஜிஸ்டரில் இருவரும் ஒரே மதிப்பெண் பெறலாம். ஆனால் முதலாமவருக்கு இரண்டு மூன்று நாள் சரக்கிருப்பே மருந்து. இரண்டாமவருக்காக ஓர் ஆண்டுச் சரக்கைப் பத்தொன்பது ஆண்டுகள் கிடங்கில் வைத்துக் காக்க எந்த நிதி அதிகாரியும் ஒப்பமாட்டார். அங்கே மாற்று வென்டரோ, அவசரத்துக்கு உற்பத்தித் திறனைப் பெறும் உரிமையோதான் வழி. நிகழ்வாய்ப்பையும் பாதிப்பையும் பெருக்கி ஒரே எண்ணாக்கும்போது தொலைந்துபோவது இந்த வேறுபாடுதான்.

வாகனத் துறையில் இதற்கு நல்ல சான்று டொயோட்டா. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் சிப் தயாரிப்பாளரான ரெனெசாஸின் நாகா ஆலை நின்று, மைக்ரோகண்ட்ரோலர் கிடைக்காமல் அல்லல்பட்ட பிறகு, அந்நிறுவனம் சிப்புகளுக்கு, அவற்றைப் பெற ஆகும் காலத்தைப் பொறுத்து, இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை இருப்பு வைக்குமாறு தன் வென்டர்களிடம் கோரியது. ஒரு நாள் இருப்பைக்கூட வீண் என்று கருதும் முறையை உலகுக்குக் கற்பித்த நிறுவனம் அது. 2021இன் முற்பகுதியில் பிற வாகன நிறுவனங்கள் சிப் பற்றாக்குறையால் லைன்களை நிறுத்தியபோது டொயோட்டாவால் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதுவும் உலக உற்பத்தித் திட்டத்தை 40 சதவீதம் குறைக்க நேர்ந்தது. சரக்கிருப்பு வாங்கித் தரும் அவகாசத்துக்கு ஓர் எல்லை உண்டு.

பதில் 2: பழைய பர்ச்சேஸ்காரர்

தம்பிக்கு வணக்கம். மேலே எழுதியவர் சொன்ன இரு காலக் கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த 6 வாரம் என்ற எண்ணை யார் தருவார்கள் என்று அவர் சொல்லவில்லை. வென்டரே தருவார். 'உங்கள் ஆலை நின்றால் எத்தனை வாரத்தில் மீள்வீர்கள்?' என்று வாடிக்கையாளர் அனுப்பும் படிவத்தில், நீண்ட காலத்தை எழுதினால் ஆர்டர் கைமாறிவிடும் என்ற அச்சம் எந்த வென்டருக்கும் இருக்கும். எனவே 'இரண்டு வாரம்' என்று எழுதி, முத்திரையிட்டு, கையொப்பமிட்டு அனுப்பிவிடுவார்.

அந்த இரண்டு வாரத்தை எப்படிச் சோதிப்பது என்பதை எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை. உங்கள் வேலை அனுபவம் அங்கேதான் கைகொடுக்கும். பாகத்தை வார்க்கும் அச்சான மோல்டு எங்கே இருக்கிறது, ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால், அது வெள்ளத்தில் துருப்பிடித்தாலோ தீயில் கோணிப்போனாலோ புதிதாகச் செய்ய டூல் ரூம் எத்தனை வாரம் கேட்கும்? மோல்டு வந்தபின் மாதிரி எடுத்து, அளவு பார்த்து, பி.பி.ஏ.பி. (உற்பத்திப் பாக ஒப்புதல் நடைமுறை) ஆவணங்களை முழுமையாகச் சமர்ப்பித்து, வாகன நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். பிரேக் பாகம் என்றால் ஆயுள் சோதனையும் சேரும். பாதுகாப்பு சார்ந்த பாகத்தில் இந்தப் படிகளில் ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது. கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் என்பது பல மாதங்களாகிவிடும். இயந்திரம் கெட்டு நிற்கும் நிலையும் மோல்டு அழிந்துபோன நிலையும் ஒன்றல்ல. படிவம் இரண்டுக்கும் ஒரே கட்டத்தைத்தான் வைத்திருக்கும்.

இரண்டாவது, மாற்று வென்டர் இருந்தால் இழப்பு பூஜ்யம் என்ற கணக்கு. காகிதத்தில் இருவர் இருப்பார்கள். அந்த இருவரும் மூலப்பொருளை யாரிடம் வாங்குகிறார்கள் என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். இருவரும் ஒரே ரப்பர் காம்பவுண்டை ஒரே ஆலையிலிருந்து எடுப்பவர்களாக இருந்தால், ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம் பூட்டியதற்கு ஒப்பாகும். 2011இல் ஜப்பானிய வாகனத் துறை கற்றதும் இதுதான். தங்கள் சங்கிலி கீழே போகப் போக விரிந்துகொண்டே செல்லும் பிரமிடு என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். ஆனால் நடுவில் அகன்று, அடியில் மீண்டும் ஒரு சில ஆலைகளில் வந்து குவியும் வைர வடிவத்தில் அது இருந்தது. வாகனப் பெயிண்டுக்கு மினுமினுப்புத் தரும் ஒரு நிறமிக்கு மெர்க் நிறுவனத்தின் ஒனஹாமா ஆலை ஒன்றே மூலமாக இருந்ததால், அது நின்றபோது அமெரிக்காவில் ஃபோர்டும் கிறைஸ்லரும் சில வண்ணங்களில் கார் ஆர்டர் எடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு நிறமிக்காகக் கார் விற்பனையில் கைவைக்க வேண்டிவரும் என்று எந்த ரிஸ்க் ரெஜிஸ்டரில் எழுதியிருப்பார்கள்?

நீங்கள் பிரேக் துறையில் இருப்பதால் 1997 பிப்ரவரி 1ஆம் நாள் நிகழ்வைக் கட்டாயம் விரிவாகப் படிக்க வேண்டும். ஜப்பானில் கரியாவிலிருந்த ஐசின் செய்க்கி ஆலை அன்று அதிகாலையில் எரிந்தது. பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் ஏறத்தாழ அனைத்தையும் டொயோட்டா அந்த ஓர் ஆலையிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. கையிருப்போ மிகச் சொற்பம். சில நாட்களில் டொயோட்டாவின் பெரும்பாலான லைன்கள் நின்றன. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. இதுவரை பிரேக் வால்வு செய்தே அறியாத நிறுவனங்கள், தையல் இயந்திரத்துக்குப் பெயர்பெற்ற பிரதர் உட்பட, தங்கள் மில்லிங் இயந்திரங்களில் அதைக் கடைந்து தந்தன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் லைன்கள் மீண்டும் ஓடத் தொடங்கின.

இதில் படிப்போர் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்த நிறுவனங்கள் வேலையைத் தொடங்கும்போது விலையையோ ஒப்பந்தத்தையோ பேசவில்லை. பணம் பின்னால் வரும் என்று நம்பியே தொடங்கின; டொயோட்டாவும் பிறகு ஈடு செய்தது. ஆண்டுதோறும் விலைக்குறைப்புக் கேட்டு வென்டரை நெருக்கிவிட்டு, நெருக்கடி வந்த அன்று அவர் நமக்காக இரவு முழுவதும் கண்விழிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மீளும் காலம் என்பது இயந்திரத்தையும் மோல்டையும் மட்டும் பொறுத்ததன்று. ஒரே தொழிற்கூடம் ஐந்து வாடிக்கையாளர்களுக்குப் பொருள் செய்யும்போது, மீண்டெழுந்தபின் முதல் லாரி யார் வாசலுக்குப் போகும் என்பதும் அதில் அடக்கம். இதற்கு மாதிரி கட்டுபவர்கள் குறைவு.

வேலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெரிய வாகன நிறுவனங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் இதற்கெனத் தனிக் குழுக்கள் இருக்கின்றன. நடுத்தர நிறுவனங்களில் தனிப் பதவி பெரும்பாலும் கிடையாது. பர்ச்சேஸ் அல்லது பிளானிங் பிரிவில்தான் உட்காருவீர்கள். அதில் குறையொன்றும் இல்லை, வென்டரை மாற்றும் அதிகாரம் இருக்கும் இடம் அதுதானே.

பதில் 3: கடன்மதிப்பு

இருவரும் முன்கணிப்பை முற்றிலும் ஒதுக்கிவிட்டது சரியன்று என்பதால் எழுதுகிறேன். நான் வணிகக் கடன் காப்பீட்டில் பணிபுரிபவன். வென்டர் நிறுவனங்களின் நிதிநிலையை மதிப்பிடுவது என் அன்றாட வேலை.

மின்னலையும் நிலநடுக்கத்தையும் கணிக்க முடியாதுதான். ஆனால் சங்கிலி அறுபடுவது இயற்கைச் சீற்றத்தால் மட்டுமா? 2001இல் பிரிட்டனில் யு.பி.எஃப்.-தாம்ப்சன் என்ற நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. லேண்ட் ரோவர் டிஸ்கவரி வாகனத்துக்குச் சேஸிஸ் தந்த ஒரே நிறுவனம் அதுதான். கடன் கொடுத்தவர்களின் நலனைக் காக்க நியமிக்கப்பட்ட பொறுப்பாளர்கள், தொடர்ந்து பொருள் வேண்டுமானால் பெருந்தொகை தர வேண்டும் என்று லேண்ட் ரோவரிடம் கேட்டார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் பிளாஸ்டெக் என்ற பிளாஸ்டிக் பாக நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, கிறைஸ்லர் தன் ஆலைகள் சிலவற்றைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. அங்கே நடந்த சண்டையின் மையம் டூலிங், அதாவது பாகம் செய்யும் மோல்டு முதலிய கருவிகள்: உரிமை வாகன நிறுவனத்துடையது, இருக்குமிடம் வென்டரின் ஆலை, சாவி வேறொருவர் கையில். பெரியவர் மோல்டு எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னாரே, அந்தக் கேள்வி இங்கும் பொருந்தும்.

இவ்வகை வீழ்ச்சி ஒரே இரவில் வருவதில்லை. எட்வர்டு ஆல்ட்மேன் 1968இல் ஐந்து நிதி விகிதங்களைக் கொண்டு திவாலாகும் வாய்ப்பை அளக்கும் மதிப்பெண்ணை வெளியிட்டார். இன்று அதைவிட நுட்பமான முறைகள் பல உண்டு. தன் கீழ்நிலை வென்டர்களுக்குப் பணம் தரத் தாமதித்தல், முன்பணம் கேட்கத் தொடங்குதல், கணக்குத் தணிக்கையாளர் இடையில் விலகுதல் போன்ற அறிகுறிகள் மாதக்கணக்கில் முன்பே தெரியும். இங்கே தரவும் இருக்கிறது. நிகழ்வுகளும் மாதிரியைப் பயிற்றுவிக்கும் அளவுக்கு உள்ளன. ஆகவே முன்கணிப்பில்தான் ஆய்வேடு எழுதுவேன் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், 'எல்லாத் தடைகளையும் கணித்தல்' என்பதை விட்டுவிட்டு, வென்டரின் நிதி வீழ்ச்சி என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனிக்குப் போவதால் இன்னொன்று. அந்நாட்டின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் குறைந்தது 3,000 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கும், 2024 முதல் குறைந்தது 1,000 ஊழியர்கள் உள்ளவற்றுக்கும் பொருந்தி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இடர் ஆய்வு செய்வதைக் கடமையாக்கியது. அதன்பின் அதைத் தளர்த்தும் முயற்சிகள் நடந்துவருகின்றன. அந்தச் சட்டம் பேசும் இடர், நிறுவனத்துக்கு நேரும் இழப்பு அன்று. சங்கிலியில் உழைக்கும் மனிதர்களின் உரிமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் நேரும் கேடு. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. விண்ணப்பிக்கும் முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப் பாடம் ஒன்றை விருப்பப் பாடமாக எடுப்பது வீண்போகாது.

மறுமொழி: வல்லக்கோட்டையான்

மூவருக்கும் மிக்க நன்றி. முன்கணிப்புத் தலைப்பைக் கைவிடுகிறேன். பெரியவர் எழுதியதைப் படித்தபின், வென்டர் எழுதித்தரும் மீளும் காலத்துக்கும் உண்மையான மீளும் காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வேடாக எடுக்கலாமா என்று தோன்றுகிறது. என் தற்போதைய நிறுவனம் தரவு தர இசையும் என்று நம்புகிறேன். ஆனால் வென்டர் பெயர்களும் விலைகளும் வெளியே போகக்கூடாது என்று நிச்சயம் சொல்வார்கள். அந்நிலையில் ஆய்வேட்டை எப்படிச் சமர்ப்பிப்பது? ஒரு நிறுவனத்தின் தரவு மட்டும் முதுநிலை ஆய்வுக்குப் போதுமா?

பதில் 4: நிகழ்தகவு

போதும். ஒரு நிறுவனம், ஒரு பாகக் குடும்பம், அதற்குக் கீழே இரண்டு படி வென்டர்கள் என்று வரையறுத்துக்கொண்டால் ஆறு மாத வேலைக்குச் சரியாக இருக்கும். கடன்மதிப்பு அவர்கள் நிதி வீழ்ச்சி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதை உங்கள் ஆய்வில் தனித் தடை வகையாகச் சேர்க்கலாம், ஏனெனில் திவாலான வென்டரின் மீளும் காலம் வெள்ளத்தில் நின்ற வென்டரின் காலத்தைவிட முற்றிலும் வேறானது.

இரகசியம் பற்றிக் கவலை வேண்டாம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் நிறுவனத் தரவுடன் எழுதும் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'ஷ்பெர்ஃபெர்மெர்க்' எனப்படும் தடைக்குறிப்பைச் சேர்ப்பது வழக்கம். அதன்படி தேர்வாளர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஆய்வேடு காட்டப்படாது. சில துறைகள் அதை விரும்புவதில்லை என்பதால், வழிகாட்டியிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். வென்டர்களுக்குக் குறியீட்டு எண் கொடுத்து, லாபத் தொகைகள் அனைத்தையும் ஒரே மாறிலியால் பெருக்கிவிட்டால் வரிசையும் விகிதமும் மாறாது. உண்மையான தொகையும் வெளிப்படாது.

புறப்படும் முன் அலுவலகத்திலேயே சேகரிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். வேலையை விட்டு விலகியபின் கேட்டால் மின்னஞ்சலுக்கு யாரும் பதில் எழுதமாட்டார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் வாரத் தேவை, சராசரி இருப்பு, அது எந்தெந்த இறுதிப் பொருளில் சேர்கிறது, மோல்டு எத்தனை, எங்கே இருக்கிறது, கடைசியாகப் புதிய மோல்டு செய்தபோது பி.ஓ. (கொள்முதல் ஆணை) போட்ட தேதி, பி.பி.ஏ.பி. ஒப்புதல் கிடைத்த தேதி. இந்தக் கடைசி இரண்டு தேதிகளும்தான் உங்கள் ஆய்வின் உயிர்நாடி. வென்டர் படிவத்தில் எழுதிய காலத்துக்கு எதிராக வைத்துப் பார்க்க, யாருடைய கருத்தையும் சாராத பதிவு அது ஒன்றே. நிறுவனத்தின் ஈ.ஆர்.பி. மென்பொருளில் பி.ஓ. தேதி எளிதில் கிடைக்கும். ஒப்புதல் தேதி பெரும்பாலும் தரப் பிரிவின் கோப்புகளில்தான் இருக்கும். எனவே தரவு பெறுவதற்கான அனுமதிக் கடிதத்தில் பர்ச்சேஸ் தலைவருடன் தரப் பிரிவுத் தலைவரின் கையொப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் 5: பழைய பர்ச்சேஸ்காரர்

ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த அம்பத்தூர் வென்டரை நேரில் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பரில் தண்ணீர் புகுந்த நாள், இறங்கிய நாள், மின் இணைப்பு திரும்பிய நாள், ரப்பரை வார்க்கும் முதல் பிரஸ் ஓடிய நாள், உங்கள் நிறுவனத்துக்கு முதல் சலான் (பொருள் அனுப்பும் சீட்டு) போட்ட நாள் ஆகியவற்றை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். சலான் புத்தகத்தையும் மின்கட்டண ரசீதையும் ஒப்பிட்டாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். அவர் உங்களுக்கு முன் வேறு யாருக்குப் பொருள் அனுப்பினார் என்பதும் அதே சலான் புத்தகத்தில் இருக்கும். நயமாகக் கேட்டால் காட்டுவார்.